தினம் ஒரு நற்செய்தி: விளக்கத்தை மூடிவிட்டுத் தொடங்குங்கள்

தம்பி, நீங்கள் எழுதியதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பாருங்கள். வீடு பட்டர்வொர்த்தில், வேலை பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில், அதுவும் ஷிஃப்ட். தினமும் விடிந்ததும் மூன்று வாட்ஸ்ஆப் குழுக்களிலிருந்து அன்றைய பூசைக்கான நற்செய்தி வாசகமும், அதற்கு யாரோ எழுதிய ஒரு பக்கச் சிந்தனையும் வருகின்றன. படிக்கிறீர்கள், கைகூப்பும் படம் போடுகிறீர்கள், அக்காவுக்கும் அனுப்பிவிடுகிறீர்கள். சாப்பாட்டு நேரத்தில் இன்றைக்கு என்ன வாசகம் என்று யாராவது கேட்டால் நினைவில்லை. நான்கைந்து தடவை ஒழுங்காகச் செய்யலாம் என்று ஆரம்பித்து ஒவ்வொரு தடவையும் இரண்டாவது வாரத்தில் நின்றுபோயிற்று. படித்தது தேசியப் பள்ளியில் என்பதால் தமிழ் மெதுவாகத்தான் வாசிக்க வரும், வேதாகமப் படிப்பு எதுவும் இல்லை, இந்த நிலையில் நற்செய்தியைத் தினமும் எப்படி வாழ்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் குருவும் இல்லை, இறையியல் படித்தவளும் இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், பினாங்குத் தீவில் எங்கள் பங்கில் முப்பது வருடமாக மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன், வாசகமும் வாசிக்கிறேன். உங்களுக்கு வந்த அதே நோய் எனக்கும் நிறைய வருடம் இருந்தது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் காரியம், அந்தச் சிந்தனைப் பக்கத்தைப் படிக்காதீர்கள். நிரந்தரமாக இல்லை, முதலில் படிக்காதீர்கள். அதை எழுதுகிறவர்கள் நல்ல மனதோடுதான் எழுதுகிறார்கள், சிலர் மிக நன்றாகவே எழுதுகிறார்கள், ஆனால் அது அவர்கள் மென்றது. வேறொருவர் மென்றதை வாங்கி விழுங்கினால் நாக்கில் ருசி நிற்காது, மத்தியானத்துக்குள் மறந்துபோவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? நற்செய்திப் பகுதி பெரும்பாலும் பத்துப் பதினைந்து வசனம்தான். அதை மட்டும் எடுத்து வாய்விட்டு இரண்டு முறை வாசியுங்கள். தமிழ் மெதுவாக வருகிறது என்று வருத்தப்பட்டீர்கள் பாருங்கள், இந்த ஒரு விஷயத்தில் அது வரம். என்னைப் போல் சரளமாக வாசிக்கிறவர்களுக்குக் கண் ஓடிவிடும், 'ஆ, இது தெரிந்த கதைதானே' என்று மனம் முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவருக்குத்தான் ஒவ்வொரு சொல்லும் கையில் தட்டுப்படும். வகுப்பில் பிள்ளைகளிடம் நான் கண்ட உண்மை இது. திக்கித் திக்கி வாசிக்கிற பையன்தான் 'டீச்சர், அந்த ஆள் ஏன் மேலாடையை வீசிட்டு ஓடினான்?' என்று கேட்பான். பார்வையற்ற பிச்சைக்காரர் பார்த்திமேயு கதை, மாற்கு 10. நான் அதுவரை அந்த மேலாடையைக் கவனித்ததே இல்லை.

இரண்டாவது, வார நாள் வாசகங்கள் தனித்தனித் துண்டுகள் இல்லை, அது ஒரு தொடர். இதை யாரும் சொல்லித்தருவதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் கோபம்தான். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 1969-இல் திருப்பலி வாசகங்களைப் புதிதாக அடுக்கினார்கள். ஞாயிறுக்கு மூன்று ஆண்டுச் சுற்று: முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. ஆண்டு எண்ணை 3-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 1 என்றால் மத்தேயு, 2 என்றால் மாற்கு, மீதியே இல்லை என்றால் லூக்கா, அவ்வளவுதான் கணக்கு, ஆனால் திருவழிபாட்டு ஆண்டு முந்தைய வருடக் கடைசியில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தோடு ஆரம்பித்துவிடும். பொதுக்கால (திருவருகை, கிறிஸ்து பிறப்பு, தவக்காலம், பாஸ்கா எனும் ஈஸ்டர் காலம் தவிர்த்த) வார நாட்களில் முதல் வாசகம் ஒற்றைப்படை, இரட்டைப்படை ஆண்டுக்கு மாறும், நற்செய்தி ஒவ்வொரு வருடமும் அதேதான். பொதுக்காலத்தின் முதல் ஒன்பது வாரம் மாற்கு, பத்திலிருந்து இருபத்தொன்று வரை மத்தேயு, அப்புறம் முப்பத்துநான்கு வரை லூக்கா. யோவானைப் பெரும்பாலும் தவக்காலத்தின் பின்பாதிக்கும் பாஸ்கா காலத்துக்கும் வைத்திருக்கிறார்கள். அதாவது ஓர் ஆண்டு வார நாள் நற்செய்தியைத் தொடர்ந்து வாசித்தால் நான்கு நற்செய்திகளின் பெரும்பகுதி உங்கள் கையில் வந்துவிடும். நீங்கள் இப்போது செய்வது மெகாசீரியலை நடுவில் ஒரு காட்சி மட்டும் பார்த்துவிட்டுக் கதை புரியவில்லை என்று சொல்வது மாதிரி.

உதாரணம் இல்லாமல் சொன்னால் பிரயோசனம் இல்லை, பொதுக்காலம் 20-ஆம் வாரத்தை எடுத்துக்கொள்வோம். இது எப்போதும் ஆகஸ்ட் நடுவில் வரும். திங்கட்கிழமை, பணக்கார இளைஞன் இயேசுவிடம் வந்து, எல்லாவற்றையும் விற்றுவிட்டு வா என்றதும் முகம் வாடிப் போகிறான். செவ்வாய்க்கிழமை, அதைப் பார்த்துக்கொண்டிருந்த பேதுரு, நாங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறார். நம் ஊர் ஆள் மாதிரி நேராகக் கேட்டுவிடுகிறார், எனக்கு அவரைப் பிடிக்கும். புதன்கிழமை திராட்சைத் தோட்ட வேலையாட்கள் உவமை, மத்தேயு 20:1-16. விடியற்காலையில் வந்தவனுக்கும் பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவனுக்கும் ஒரே கூலி, ஒரு தெனாரியம். புதன்கிழமைத் துண்டு மட்டும் உங்கள் கைபேசிக்கு வந்தால் இது 'கடவுள் தாராளமானவர்' என்ற பொதுக் கருத்தாக முடிந்துவிடும். செவ்வாயோடு சேர்த்து வாசித்தால்தான் இது பேதுருவுக்குச் சொன்ன பதில் என்று தெரியும். முதலில் வந்தவர், அதிகம் விட்டுவந்தவர், 'எங்களுக்கு என்ன' என்று கேட்டவர், அவரிடம் சொன்ன கதை.

இங்கே என் பாட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் ஒரு மாதம் முழுக்கப் பினாங்கில், குருமடத்தில், கூடி உட்கார்ந்தார்கள். பங்குகளில் சாமியார் இல்லை, பூசை இல்லை. மக்களே கூடி வாசித்து ஜெபிக்க வேண்டும். இன்றைக்கு நாம் அன்பியம் என்று அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழுக்களை நடத்துகிறோமே, அதன் விதை அந்த மாதத்தில் விழுந்ததுதான். (பிற்பாடு ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஆகஸ்ட் முதல் தேதி ஞாயிறு, சுற்றில் இரண்டாம் ஆண்டு, மாற்கு ஆண்டுதான் என்றாலும் அந்தச் சில ஞாயிறுகளுக்கு யோவான் 6 வைத்திருக்கிறார்கள், 'வாழ்வு தரும் உணவு நானே'. பூசை இல்லாத மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கு வந்த வாசகம் அது!) எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நாங்கள் செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் லயத்து வீட்டில் இருந்தோம். சாயங்காலம் யார் வீட்டிலாவது விளக்கைச் சுற்றி உட்காருவார்கள், வாசிக்கத் தெரிந்தவர் வாசிப்பார், பிறகு ஆளுக்கு ஒரு வார்த்தை பேசுவார்கள். ஒரு நாள் இந்த உவமை வந்தது. ஒருவர், ஐந்து மணிவரை சும்மா நின்ற சோம்பேறிக்கு எதுக்குய்யா முழுக்கூலி என்று கேட்டார். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, இருபது வயசிலிருந்து பால்மரம் வெட்டின கை. 'மழை நாள்ல பெரட்டுக்குப் போயிட்டு வேலை இல்லாமத் திரும்பினவளுக்குத்தான் தெரியும், நின்னவன் சும்மாவா நின்னான்?' என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, வெட்டாத நாளுக்குக் கூலி கிடையாது, ஆனால் விடியுமுன் எழுந்து பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்தில், தண்டல் என்ற மேற்பார்வையாளர் முன்னால் போய் நிற்கத்தான் வேண்டும். நின்று, பார்த்து, திரும்பி வருகிற அந்த நடை எப்படிப்பட்டது என்று பாட்டிக்குத் தெரியும். உவமையில் கடைசியாக நின்றவர்கள் சொல்வதும் அதைத்தான்: 'எங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை.' அவர்கள் தூங்கவில்லை, சீட்டு ஆடவில்லை, நாள் முழுக்க வெயிலில் யாராவது கூப்பிடுவார்களா என்று நின்றிருக்கிறார்கள். தெனாரியம் என்பது அந்தக் காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம், அன்றைக்கு வீட்டில் உலை வைக்கிற காசு. மணிக்கணக்குப் போட்டுப் பன்னிரண்டில் ஒரு பங்கு கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கா பசிக்கும்?

பாட்டிக்குக் கிரேக்கம் தெரியாது, விளக்கவுரை தெரியாது. தன் வாழ்க்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். வேதாகமப் படிப்பு இல்லை என்ற உங்கள் கவலைக்கு என் பதில் இதுதான். படிப்பு உதவும், நான் மறுக்கவில்லை, ஆனால் அது இரண்டாவதாக வர வேண்டும்.

படிப்பு எப்படி உதவும் என்பதற்கும் இதே வாசகத்தில் ஒன்று சொல்கிறேன். முணுமுணுத்தவனிடம் தோட்டக்காரர் கடைசியில் கேட்கிறார், நம் திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் (1995-இல் வந்தது) 'நான் நல்லவனாய் இருப்பதால் உமக்குப் பொறாமையா?' என்று இருக்கும். சீர்திருத்த சபை நண்பர்கள் வீட்டில் இருக்கும் பழைய வேதாகமத்தில் 'நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா' என்று இருக்கும். வன்கண்! கிரேக்க மூலத்திலும் கண்தான், 'உன் கண் பொல்லாததா' என்பதுபோல் கேட்கிறார். அதாவது கண்ணு போடுவது. அடுத்தவன் தட்டில் விழும் சோற்றைப் பார்த்து எரிகிற கண். பொறாமை என்ற சொல்லில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, வன்கண் என்று வாசித்த அன்றைக்குத்தான் சுருக்கென்றது. இரண்டு மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்து வாசித்தால் இந்த மாதிரி கிடைக்கும், உங்களுக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்றால் ஒன்று தமிழிலும் ஒன்று ஆங்கிலத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் சுருக்கென்றது? அந்த வருடம் பெரிய வெள்ளிக்கு யோவான் எழுதிய பாடுகளின் வரலாற்றை வாசிக்க வேண்டியவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் நான் வாசித்த பகுதியை, முந்தைய வருடப் பாஸ்கா திருவிழிப்பில் (ஈஸ்டருக்கு முந்தின இரவுப் பூசையில்) திருமுழுக்குப் பெற்ற ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே சிரித்தேன். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் ஒரு மணி நேரம் பேசினேன், அவளுக்கு ழகரம் வரவில்லை, லகரம் வரவில்லை என்று. ஆகஸ்டில் இந்த வாசகம் வந்தபோது, நாள் முழுக்க வெயிலைத் தாங்கினோமே என்று முணுமுணுக்கிற குரல் யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதுவரை இந்த உவமையை வாசிக்கும்போதெல்லாம் நான் தோட்டக்காரர் பக்கம் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தவள்.

ஆகவே மூன்றாவது காரியம், இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்ததிலேயே முக்கியம்: வாசிக்கும்போது பிடித்த வரியைத் தேடாதீர்கள், உறுத்துகிற வரியைத் தேடுங்கள். ஆறுதல் வரிகள் எல்லாம் ஏற்கெனவே பூப்படத்தோடு உங்கள் கைபேசிக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. 'இது என்ன நியாயம்', 'இது எனக்கு முடியாது', 'இவர் ஏன் இப்படிப் பேசுகிறார்' என்று எங்கே மனம் கால் இடறுகிறதோ அங்கே நில்லுங்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு பெர்ரியிலோ பாலத்து நெரிசலிலோ அசைபோடுங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி இதை வாசித்தல், தியானித்தல், ஜெபித்தல், இறைவனில் அமைதியாக இருத்தல் என்று நான்கு படிகளாக எழுதிவைத்தார், தியானங்களில் இதைத்தான் இறைவாசிப்பு என்று சொல்லிக்கொடுப்பார்கள். படிகளின் பெயரை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மாடு அவசரமாக மேய்ந்துவிட்டு அப்புறம் நிழலில் படுத்து மெல்லுமே, அதைப் பார்த்திருந்தால் போதும்.

அடுத்து, அந்தச் சொல்லுக்கு ஓர் ஆளைக் கண்டுபிடியுங்கள். இன்றைக்கு நான் பார்க்கப்போகிற ஆட்களில் இது யாரைத் தொடுகிறது? ஒரே ஒரு பெயர். 'இன்றிலிருந்து எல்லோரையும் நேசிப்பேன்' என்று தீர்மானம் எடுத்தீர்களானால் இரண்டாவது வாரத்தில் நின்றுபோவது நிச்சயம், ஏனென்றால் எல்லோரும் என்று யாரும் உங்கள் லைனில் வேலை செய்வதில்லை. அங்கே நேபாளத்திலிருந்து வந்த பையன் இருப்பான், பங்களாதேஷ்காரர் இருப்பார், போன மாதம் சேர்ந்து அதற்குள் சூப்பர்வைசரிடம் நல்ல பெயர் வாங்கிவிட்ட ஒருவன் இருப்பான். யார் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அந்த ஆளிடம் இன்றைக்கு வேறு மாதிரி ஒரு வார்த்தை, அல்லது வழக்கமாகச் சொல்கிற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விடுவது. நான் அந்தப் பெண்ணிடம் போய், 'உனக்கு வேண்டுமென்றால் சனிக்கிழமை வா, ழகரம் பழகலாம்' என்று சொல்ல எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அவள் வந்தாள். நானும் அவளும் சிநேகிதிகள் ஆகிவிட்டோம் என்றெல்லாம் இல்லை, அவள் இன்னும் வேகமாகத்தான் வாசிக்கிறாள், எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது, ஆனால் அடுத்த பெரிய வெள்ளிக்குப் பட்டியலை நான் பார்க்கவில்லை.

சில எச்சரிக்கைகள், வேகமாகச் சொல்கிறேன். வாசகத்தை வாசித்ததும் 'இது என் மாமியாருக்கு அப்படியே பொருந்துது' என்று தோன்றினால் மூடிவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசியுங்கள். அப்புறம், வேதாகமத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைத்த வசனத்தை இன்றைய உத்தரவு என்று எடுப்பது வேண்டாம், அது கிளி ஜோசியம், கிளி மட்டும்தான் இல்லை. இன்னொன்று, இந்தத் தோட்ட உவமையை வைத்து 'கொடுத்ததை வாங்கிக்கொள், ஓவர்டைம் கேட்காதே' என்று எந்த முதலாளியாவது பேசினால் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள். கூலியாளுக்கு அன்றைய கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும், அவன் ஏழை, அதை நம்பியிருக்கிறான் என்று பழைய ஏற்பாட்டில் இணைச்சட்டம் 24-இல் தெளிவாக இருக்கிறது. உவமையில் யாருக்கும் பேசியதில் ஒரு காசு குறையவில்லை.

ஒன்றுமே உறுத்தாத நாட்கள் வரும், நிறைய வரும். டிசம்பர் 17-ஆம் தேதி மத்தேயுவின் முதல் பதினேழு வசனம், வெறும் பெயர் வரிசை, எங்களைப் போல் சத்தமாக வாசிக்கிறவர்களுக்கு அது ஒரு பரீட்சை. ஆனால் அந்த ஆண்கள் வரிசைக்கு நடுவில் தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என்று நான்கு பெண்கள் நிற்கிறார்கள், அவர்கள் கதையைத் தேடி வாசித்தால் இயேசுவின் குடும்ப மரம் நம் குடும்ப மரங்களைவிட ஒன்றும் ஒழுங்காக இல்லை என்று தெரியும். அப்படித் தேடவும் நேரம் இல்லாத நாளில் வாசித்துவிட்டு எழுந்து போய்விடுங்கள், பரவாயில்லை. சோறு தினமும் ருசியாகவா இருக்கிறது?

ஷிஃப்ட்டைப் பற்றி. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து மெழுகுவத்தி ஏற்றி, என்றெல்லாம் சொல்கிறவர்களுக்கு நைட் ஷிஃப்ட் தெரியாது. திருச்சபையில் ஞாயிறும் பெருவிழாக்களும் முந்தின நாள் மாலையிலேயே தொடங்கிவிடுகின்றன, சனிக்கிழமைச் சாயங்காலப் பூசை ஞாயிறுக்குக் கணக்காவது அதனால்தான். அதே முறையில் நீங்களும் நைட் ஷிஃப்ட் போவதற்கு முன் மறுநாள் வாசகத்தை வாசித்துவிடுங்கள். இரவு முழுக்க அந்தச் சொல் உங்களோடு நிற்கும், காலையில் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அந்த ஓர் ஆளிடம் என்ன நடந்தது என்று யோசித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டுத் தூங்குங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு அந்த வாட்ஸ்ஆப் சிந்தனையைத் திறந்து வாசியுங்கள், இப்போது அது உங்களுக்கு வேறு மாதிரி இருக்கும், சில நாள் எழுதியவரோடு சண்டைகூடப் போடுவீர்கள்.

நான்கு நாள் விட்டுப்போயிற்று என்றால் விட்டதை எல்லாம் சேர்த்து வாசித்து முடிக்கப் பார்க்காதீர்கள். நீங்கள் ஒவ்வொரு தடவையும் நின்றுபோனதற்கு அதுதான் காரணம் என்று எனக்குச் சந்தேகம், பாக்கி சேர்ந்துவிட்டது என்ற குற்ற உணர்ச்சி. இன்றைய தேதிக்கு நேராகப் போங்கள். ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் வேலை இருக்கிறது.

அடுத்த வாரம் நைட் ஷிஃப்ட் என்று எழுதியிருந்தீர்கள். புதன்கிழமை வாசகத்தை வாசித்துவிட்டு உறுத்திய சொல் எது என்று எனக்கு எழுதுங்கள். விளக்கம் வேண்டாம் தம்பி, அந்தச் சொல் மட்டும் போதும்.